பதினெட்டுச் சக்கரத்தோடு ஒரு காதுகுத்துக்கு

பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, நெற்றியில் சந்தனம். கழுத்தில் ஒரு மாலை மட்டும் இருந்திருந்தால் மாப்பிள்ளை என்றே சொல்லியிருப்பார்கள். இந்தக் கோலத்தில் நான் உட்கார்ந்திருந்தது மணமேடையில் இல்லை, பதினெட்டுச் சக்கர ட்ரெய்லரின் ஸ்டியரிங் முன்னால்.

காலை எட்டு மணி இருக்கும். கீரனூரிலிருந்து கிழக்கே போகிற சாலை. ஓர் அரிசி ஆலை வாசலில் வண்டியின் தலை உள்ளே, வால் தார்ச்சாலையில். பின்னால் டவுன் பஸ்காரர் ஆரனிலிருந்து கையையே எடுக்கவில்லை. ஆலை மேனேஜர் இரண்டு கையையும் விரித்து, வயலுக்குள் வந்த எருமையை மறிப்பதுபோல் என்னை மறித்தார்.

"எடமில்லீங்க! நெல்லு லோடு வருது, பின்னாடி எடுங்க!"

"ரெண்டே நாளுதாங்க. ஓரமா நிப்பாட்டிக்கிறேன்."

"ஒங்க வண்டிக்கு ஏதுங்க ஓரம்? இங்கிட்டு ஆரம்பிச்சா அங்கிட்டு வரைக்கும் வண்டிதான இருக்கு!"

நியாயமான பேச்சு. நாற்பது அடித் தட்டு, அதற்கு முன்னால் இழுக்கிற தலை. எனக்குப் பின்னால் நான் படுக்கிற பலகையில் ஏழு தாம்பாளம் சீர்வரிசை. வாழைப்பழம், ஆப்பிள், மிட்டாய் டப்பா, குட்டிப் பட்டுப் பாவாடை. பிரேக் போட்டால் சரியக் கூடாதே என்று இரும்புக் குழாய் கட்டுகிற பெல்ட்டை எடுத்து ஏழு தட்டையும் இறுக்கிக் கட்டியிருந்தேன். மாதுளம்பழம்கூட அசையவில்லை.

போன வாரம் இதே தொடரில் நான் எழுதிய, நாக்பூர்ப் பக்கம் பஞ்சரான கதையைப் படித்த வாசகி ஒருவர், "எல்லாம் சரி, லீவு போட்டால் அவ்வளவு பெரிய வண்டியை எங்கே வைப்பீர்கள்?" என்று கேட்டிருந்தார். அம்மா, நீங்கள் கேட்டது சாதாரணக் கேள்வி இல்லை. மற்றவர்களுக்கு லீவு கிடைத்தால் போதும். எங்களுக்கு லீவும் கிடைக்க வேண்டும், இடமும் கிடைக்க வேண்டும். இரண்டும் ஒரே நாளில் கிடைத்ததாக எனக்கு நினைவில்லை.

முருகேசன் மடி

அன்று என் தங்கை மலர்க்கொடியின் இளைய மகள் யாழினிக்குக் காதுகுத்து. பிள்ளைக்கு ஒன்றேகால் வயது. எங்கள் பக்கத்தில் காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். ஊரையே கூட்டி எத்தனை கிடா வெட்டினாலும் மாமன் மடி இல்லையென்றால் பந்தியில் கறியைக் கடித்துக்கொண்டே அதைத்தான் பேசுவார்கள்.

அப்பா அம்மா போன பிறகு மலர்க்கொடிக்குத் தாய்வீடு என்றால் நான் ஒருவன்தான். எனக்கு அப்போது கல்யாணமும் ஆகவில்லை. லாரிக்காரனுக்குப் பெண் தேடுவது தனி அத்தியாயம். அந்தத் தாய்வீடு எப்போது பார்த்தாலும் ஏதாவது ஒரு டோல்கேட்டில் நின்றுகொண்டிருக்கும். மூத்தவள் தர்ஷினிக்குக் காது குத்தியபோது நான் குஜராத்தில் லோடுக்காகக் காத்துக் கிடந்தேன். யாழினிக்கு மொட்டை எடுத்தபோது ஒடிசாவில். இரண்டு தடவையும் மடி கொடுத்தவன் எங்கள் பெரியப்பா மகன் முருகேசன். ஊரில் டிராக்டர் வைத்திருக்கிறான்.

"நான் ஸ்டெப்னிடா. நீ பஞ்சரானா என்னையத்தான மாட்டுவாங்க" என்று சிரிப்பான். எனக்குச் சிரிப்பு வராது.

காதுகுத்துக்கு நாள் குறித்ததும் மலர்க்கொடி போன் செய்தாள். அழவில்லை, சண்டையும் போடவில்லை.

"அண்ணே, எனக்குக் காது குத்துறப்ப மாமா எங்கம்மா இருந்தாருன்னு தர்ஷினி இப்பல்லாம் கேக்குறா. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. சின்னவளும் நாளைக்கு அப்படிக் கேக்கக் கூடாதுண்ணே."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

முகூர்த்தம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை. இடம், என் தங்கை மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வமான கருப்பர் கோவில். குன்றாண்டார்கோவிலுக்குக் கொஞ்சம் முன்னால். முந்தின நாள் மதியமே திருச்சியில் லோடு இறங்கியிருக்க வேண்டியது. கிரேன் படுத்துக்கொண்டதால் விடிகாலையில்தான் இறங்கியது. இறங்கியதும் "வண்டியை எடு, கேட்டைத் தாண்டு" என்றார்கள். எல்லாக் கம்பெனிக்கும் இது ஒன்றுதான் சட்டம்.

முதலாளியிடம் சொன்னேன். "போயிட்டு வாப்பா. ஆனா வண்டியக் காட்டுல அனாதையா விட்டுட்டுப் போயிராத. டீசலை உறிஞ்சிருவானுக, டயரைக் கழட்டிருவானுக. யாராச்சும் ஒரு ஆளு கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கணும்" என்றார். பின்னால் இருக்கிற நீளத் தட்டைக் கழற்றி எங்காவது வைத்துவிட்டுத் தலையை மட்டும் ஓட்டிப் போகலாமே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பீர்கள். தட்டைத் தாங்குகிற இரண்டு இரும்புக் காலில் ஒன்று வளைந்து கிடந்தது. கழற்றினால் அது குப்புறப் படுத்துவிடும்.

ஆகவே வண்டியோடுதான் போக வேண்டும், முழு வண்டியோடு.

ஊர்க் கட்டுப்பாடு

சொந்த ஊர் பக்கத்தில்தானே, அங்கே நிறுத்தக் கூடாதா? கூடாது. எனக்கு அங்கே தடை இருக்கிறது.

சில வருஷம் முந்தி ஒரு பொங்கலுக்கு வண்டியைத் தெருவிலேயே கொண்டுபோய் நிறுத்தினேன். முதல் நாள் ஊரே வந்து பார்த்தது. இரண்டாம் நாள் வண்டித் தட்டில் உளுந்து காயப்போட்டார்கள். மூன்றாம் நாள் அதன்மேல் கபடி நடந்தது. எல்லாம் சந்தோஷமாகத்தான் போனது. நாலாம் நாள் நான் வண்டியைக் கிளப்பினேன். கேபினின் மேல்மூலையில் கேபிள் டிவி ஒயர் மாட்டியிருந்ததை நான் பார்க்கவில்லை. தெருக்கோடி வரைக்கும் இழுத்துக்கொண்டே போயிருக்கிறேன். பின்னால் ஓடி வந்தவர்கள் என்னை வழியனுப்ப வருகிறார்கள் என்று நினைத்துக் கையை வேறு ஆட்டினேன்.

அன்றைக்குக் கிரிக்கெட்டில் இறுதி ஆட்டம்.

மறுவாரமே ஊர்க்கூட்டம் போட்டார்கள். பத்துச் சக்கரத்துக்கு மேல் உள்ள எந்த வண்டியும் ஊருக்குள் வரக் கூடாது என்று முடிவானது. ஊரில் அப்படி வண்டி ஓட்டுகிறவன் நான் ஒருவன்தான். பெயரைச் சொல்லாமல் எவ்வளவு நாசூக்காகச் செய்தார்கள் பாருங்கள்.

முருகேசன் அளந்த அளவு

அரிசி ஆலை வாசலில் நான் திணறிக்கொண்டிருந்தபோது முருகேசன் மொபெட்டில் வந்து சேர்ந்தான்.

"இங்க ஏன்டா வந்து மாட்டுன? நான் நேத்தே எடம் பாத்து வச்சிட்டேன். கல்யாண மண்டபத்துக்குப் பின்னாடி. காலால அளந்து பாத்தேன், அறுவது அடி. கச்சிதமா இருக்கும். பின்னாடியே வா."

போனேன். இடம் உண்மையிலேயே அறுபது அடிதான். வேப்பமரம், காவலுக்கு ஆள், தண்ணீர்க் குழாய்கூட இருந்தது. ஆனால் அங்கே போகிற சந்து முழங்கை மாதிரி மடங்கியிருந்தது. முருகேசன் நிற்பதற்குத்தான் அளந்திருக்கிறான், திரும்புவதற்கு அளக்கவில்லை.

"பாம்பு மாதிரி வளஞ்சு போயிரும்னுல்ல நெனச்சேன்" என்றான்.

"பாம்பு இல்லடா, ஏணி! ஏணியத் தூக்கிக்கிட்டு இந்தச் சந்துல நீ திரும்பிப் பாரு!"

அவன் உண்மையாகவே மனசுக்குள் ஏணியைத் தூக்கித் திரும்பிப் பார்த்தான் போலிருக்கிறது. முகம் மாறிவிட்டது. வந்த வழியெல்லாம் பின்னாலேயே எடுத்தேன். முருகேசன் "வா, வா, வரலாம்" என்று கத்த, டீக்கடையில் இருந்தவர்களும் சேர்ந்து கத்தினார்கள். ஆளாளுக்கு ஒரு திசை காட்டினார்கள். மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. வேட்டியைத் தொடைக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தேன். பட்டு வேட்டியோடு கிளட்ச் மிதித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வழுக்கல் தெரியும். கோபம் கோபமாக வந்தது. கண்ணாடியில் என் சந்தனப் பொட்டைப் பார்த்ததும் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அன்று முழுக்க அந்தச் சிரிப்பு என்னை விடவே இல்லை.

காய்ந்த கண்மாய்

"கண்மாய்தான்டா ஒனக்குச் சரி. பூராக் காஞ்சு கெடக்கு. அம்பது லாரி நிறுத்தலாம். கோயிலும் கிட்ட" என்றான் முருகேசன்.

பார்த்தால் அப்படித்தான் தெரிந்தது. வெடித்துக் காய்ந்து, சிமெண்டுத் தரை மாதிரி. நூறு நாள் வேலையில் முப்பது நாற்பது பெண்கள் ஒரு பக்கமாக மண் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஆள் நடமாட்டமும் இருக்கிறது, முதலாளியும் மறுத்துச் சொல்ல முடியாது. கரைச் சரிவில் முன்சக்கரத்தை இறக்கப் போனேன்.

"ஏய், நிறுத்து! நிறுத்துப்பா!"

மண்வெட்டியும் சட்டியுமாக மொத்தக் கூட்டமும் எழுந்து வந்துவிட்டது. புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டிருந்த ஓர் அம்மா முன்னால் வந்து என்னை அண்ணாந்து பார்த்தார். ராக்கம்மா என்று மற்றவர்கள் கூப்பிட்டார்கள்.

"பட்டு வேட்டியக் கட்டிக்கிட்டு லாரி ஓட்டுறியே, யாரு சாமி நீ?"

"காதுகுத்துக்குப் போறேங்க. தாய்மாமன். பத்தரைக்கு முகூர்த்தம், வண்டி நிறுத்த எடமில்ல."

"ஆத்தாடி, மாமன்காரன்டி!" என்று ஒரே சிரிப்பு. தட்டைக் காட்டு, என்ன சீர் கொண்டு போகிறாய், பவுன் எவ்வளவு என்று நாலு பக்கமும் கேள்வி. ஒரு பெண் படியில் ஏறி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏழு தட்டுடி, பெல்ட்டுப் போட்டு ஒக்கார வச்சிருக்கான்!" என்று கீழே அறிவித்தாள்.

ராக்கம்மா போய் ஒரு கடப்பாரையை எடுத்து வந்தார். நான் வண்டியை இறக்க இருந்த இடத்தில் ஒரே குத்து. பாதிக் கடப்பாரை உள்ளே போய்விட்டது. இழுத்ததும் நுனியில் கறுப்புச் சேறு.

"மேலதான் காஞ்சிருக்கு. நீ எறக்குனா அச்சு வரைக்கும் உள்ள போயிரும். மழை பேஞ்சா ஒன் வண்டியில கெண்டை மீனு குடியிருக்கும், பரவால்லையா?"

முருகேசன் மெதுவாக மொபெட்டின் பின்னால் ஒதுங்கினான்.

"தைலமரம் வெட்டுற எடத்துக்குப் போ தம்பி. கரையோடயே போயி அங்கிட்டுத் திரும்பு. மரம் ஏத்துற லாரியெல்லாம் அங்கதான் திரும்புது. சரளைத் தரை, அமுங்காது" என்றார். "போ போ, பிள்ள காத்திருக்கும்" என்று மற்றவர்கள் என் வண்டியின் பக்கவாட்டில் தட்டினார்கள், மாட்டை விரட்டுகிற மாதிரி.

தைலமரக் காட்டில் ஒரு வட்டம்

தைலமரத் தோப்பின் நடுவில் வெட்டிய இடம் மைதானம்போல் கிடந்தது. கண்ணாடியை இறக்கியதும் இலை வாசனை குபீரென்று உள்ளே வந்தது. தலைவலித் தைலத்துக்குள் வண்டி ஓட்டுவதுபோல் இருந்தது. காகித ஆலைக்குக் கட்டைகளை அனுப்புகிற குத்தகைக்காரர் ஜலால் பாய், கட்டுமாவடிக்காரர். கட்டைமேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். காதுகுத்து விஷயத்தைச் சொல்லி இடம் கேட்டேன்.

"நிறுத்திக்கங்க தம்பி. லோடு வண்டி நாளை கழிச்சுத்தான் வரும். எங்க ஆளுக எட்டுப் பேரு ராப்பகலா இங்கதான் கெடக்குறாங்க, பாத்துக்குவாங்க" என்றார். "ஒண்ணே ஒண்ணு. கறிச்சோறு எட்டுப் பேருக்கும் வந்துரணும். எனக்கு வேணாம், கோயில் கெடா நாங்க சாப்புடுறதில்ல. பாயாசம் இருந்தாக் குடுத்துவிடுங்க."

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? வந்த வாக்கில் அப்படியே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. தேவையே இல்லாமல் அந்த மைதானத்தில் ஒரு முழு வட்டம் அடித்தேன். எதிலும் இடிக்காமல், யாரும் "பாத்து, பாத்து" என்று கத்தாமல், ஐம்பது அடி வண்டி ஒரே திருப்பில் சுற்றி வந்தது. ஜலால் பாய் டீ கிளாசை உயர்த்திக் காட்டினார்.

மணி பத்து இருபது. ஏழு தட்டை மொபெட்டில் கொண்டுபோக முடியாது. மரம் வெட்டுகிற ஏழு பேர் ஆளுக்கொரு தட்டைத் தூக்கிக்கொண்டார்கள். எட்டாவது ஆள் சும்மா வருவானேன் என்று காலி டீசல் கேனில் தாளம் போட்டுக்கொண்டு வந்தான். பனைமர வண்டிப்பாதையில் அரைமைல் நடந்து நாங்கள் கோவிலை அடைந்தபோது, "மலரு, ஒங்கண்ணன் கொட்டுமேளத்தோட வந்துட்டாரு!" என்று மாப்பிள்ளை வீட்டாரே கத்தினார்கள். மலர்க்கொடி ஓடி வந்தாள். என் வேட்டியிலிருந்த கிரீஸ் கறையை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மடியில் நிற்காத பிள்ளை

மணையில் உட்கார்ந்தேன். யாழினியை மடியில் வைத்தார்கள்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். கருப்பர் கோவில் மணியே தோற்றுப்போகும் அளவுக்கு ஓர் அலறல்.

மிட்டாய், பொம்மை, செல்போன், ஒன்றும் பலிக்கவில்லை. எடுத்தால் அமைதி, என் மடியில் வைத்தால் அலறல். காது குத்துகிற பத்தர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, "தலைய இப்படி ஆட்டுனா ஊசி கண்ணுல போயிரும்" என்று மறுத்துவிட்டார். யாரோ அவளை முருகேசன் மடியில் வைத்தார்கள். கொழுக்கட்டை மாதிரி அமைதியாக உட்கார்ந்து அவன் மீசையைப் பிடித்துச் சிரித்தாள்.

"மணி பதினொண்ணரை. முருகேசன் மடியிலயே வச்சுக் குத்திருங்கப்பா. அவரும் மாமன் மொறதான" என்றார் மாப்பிள்ளையின் பெரியப்பா. தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் மலர்க்கொடி தலையைக் குனிந்துகொண்டாள். இவ்வளவு தூரம் வந்தும் என் மடி காலியாகத்தான் இருக்கப் போகிறதா? பிள்ளைக்கு என்ன தெரியும், முன்னப்பின்னே பார்க்காத ஆள்தானே நான்.

அப்போது தூரத்துத் தார்ச்சாலையில் ஒரு லாரி ஆரன் அடித்துக்கொண்டு போனது. யாழினி முருகேசன் மீசையை விட்டாள். சாலைப் பக்கம் இரண்டு கையையும் நீட்டி, "மாமா! மாமா!" என்று துள்ளினாள்.

எல்லோரும் மலர்க்கொடியைப் பார்த்தார்கள்.

"லாரி போனா, மாமா போறாரு பாருன்னு காட்டித்தான் சோறு ஊட்டுவேன்" என்றாள், வெட்கமும் சிரிப்புமாக. "நீ அனுப்புற போட்டோவுலயும் லாரிதான இருக்கு. நீ எங்கண்ணே இருக்க?"

நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. எனக்குத் தெரியாமலே என்னைத் தினமும் அந்த வீட்டில் வேளை தவறாமல் காட்டியிருக்கிறார்கள்.

"அப்ப லாரியில வச்சே குத்திருவோம்!" என்றான் முருகேசன்.

கருப்பர் போகிற தூரம்

வண்டிப்பாதையில் ட்ரெய்லர் வராது. பிள்ளைதான் அங்கே போக வேண்டும். சாமி முன்னால் அல்லவா குத்த வேண்டும் என்று மாப்பிள்ளையின் பெரியப்பா இழுத்தார். எல்லோரும் பூசாரியைப் பார்த்தோம். பூசாரி விபூதித் தட்டோடு காட்டுப் பக்கம் திரும்பினார்.

"கருப்பரு வேட்டைக்குப் போறது அந்தத் தைலமரக் காடு வரைக்கும். அதுவும் அவரு எல்லதான். குத்தலாம். ஆனா பன்னெண்டுக்குள்ள முடிக்கணும்."

அவ்வளவுதான். சனம் எழுந்து ஓடியது. சொந்தக்காரர்கள் வந்திருந்த டிராக்டரில் பாதிப் பேர், நடந்து பாதிப் பேர். பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுகிற பெண்களும், விபூதித் தட்டைச் சிந்தாமல் ஓடுகிற பூசாரியும், டீசல் கேன் தாளமும். ஜலால் பாய் கட்டைமேல் எழுந்து நின்றுவிட்டார்.

ஓட்டுநர் சீட்டில் நான். மடியில் யாழினி. அவள் என்னைப் பார்க்கவே இல்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு "மாமா, மாமா" என்று அதைத்தான் கொஞ்சினாள். பரவாயில்லை, மடி என்னுடையது. பத்தர் வேட்டியை மடித்துக்கொண்டு படியேறினார். "நாப்பது வருசமாக் குத்துறேன், ஏணி ஏறிக் குத்துனதில்ல." முதல் காதில் ஊசி இறங்கியதும் அவள் கத்தின கத்தில் என் கை ஆரனை அமுக்கிவிட்டது. காடே அதிர, அந்தச் சத்தத்தில் அவளே அழுகையை மறந்து திகைத்துப் போனாள். அந்த நேரம் பார்த்து இரண்டாம் காதையும் முடித்துவிட்டார் பத்தர். கீழே குலவைச் சத்தம். யாழினியை மாப்பிள்ளையிடம் இறக்கிக் கொடுத்தேன்.

இறங்கலாம் என்று காலை எடுத்தபோது படியில் தர்ஷினி நின்றாள். ஒன்பது வயது. முருகேசன்தான் தூக்கி ஏற்றிவிட்டிருந்தான்.

"மாமா, எனக்கும் குத்தச் சொல்லுங்க."

"ஒனக்குத்தான் எப்பவோ குத்தியாச்சே தங்கம்."

"அதுக்கு மேல ரெண்டாவது. எங்க கிளாஸ்ல மூணு பேரு குத்திருக்காங்க."

கீழேயிருந்து மலர்க்கொடி, "அடியே, ரெண்டாவது ஓட்டைப் பேச்ச எடுத்தாக் கால ஒடிச்சிருவேன்னு சொல்லிருக்கேன்ல!" என்று கத்தினாள். தர்ஷினி அம்மா பக்கம் திரும்பவில்லை.

"ஒங்க மடியில ஒக்காந்து" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. அது கீழே நின்ற மலர்க்கொடிக்கும் கேட்டுவிட்டது.

மலர்க்கொடி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பூசாரியிடம் கேட்டாள். "நேரம் இருக்குங்களா?"

"ஆறு நிமிசம் இருக்கு."

"அப்பக் குத்துங்க பத்தரே."

"தோடு ஒரு சோடிதான கொண்டாந்தேன்?" என்றார் பத்தர். தோட்டுக்குப் பதில் காதில் சொருக, ஓரத்து வேப்பமரத்தில் குச்சி ஒடிக்க முருகேசன் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தான்.

தர்ஷினி மடியில் ஏறி உட்கார்ந்தாள். நல்ல கனம். முழங்கால் கியரில் இடித்தது, பின்னல் என் வாய்க்குள் வந்தது. ஊசி இறங்கியபோது அவள் அழவில்லை. என் கட்டைவிரலை மட்டும் நெரித்தாள். அடுத்த காதும் ஆயிற்று.

"வலிக்குதாம்மா?"

"இல்ல மாமா."

"பன்னெண்டு ஆச்சு, எறங்குங்கப்பா, சோறு ஆறிப்போகுது" என்று பூசாரி கத்தினார். கீழே கூட்டம் பந்தியை நோக்கிக் கலையத் தொடங்கியது. தர்ஷினி என் நெஞ்சில் சாய்ந்துகொண்டாள்.

"இன்னுங் கொஞ்ச நேரம் இருக்கேன் மாமா."

எனக்கு இரண்டு காலும் மரத்துப்போயிருந்தன. நான் அசையவில்லை.